காம்பஸ் பங்களாவும் எங்கப்பாவின் துண்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, சாட்சியோடு சொல்கிறேன். போன மாதம் சேலத்தில் ஒரு கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். பரிசோதனையெல்லாம் முடிந்து எழுந்தபோது அவர் கை நீட்டினார். நானும் நீட்டினேன். நீட்டியவன் சும்மா இருந்தேனா? பெருவிரலால் அவருடைய ஆள்காட்டி விரல் முட்டியை மூன்று தடவை அழுத்திவிட்டு முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். அவரும் என்னைக் கூர்ந்து பார்த்தார். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "விரல்ல மதமதப்பு எத்தன நாளா இருக்குதுங்க?"

கண்ணுக்குப் போனவன் நரம்பு டாக்டருக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நரம்பு டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. இப்போது என் காபியில் இல்லை. மூன்று அழுத்தலுக்கு இதுதான் கிடைத்த பலன்.

ஏன் அழுத்தினேன் என்று என் வயசுக்காரர்களான உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து பல் விளக்குமுன் கைபேசியைத் தடவுகிற கூட்டம்தானே நாம். நம் பள்ளிக்கூட குரூப்பில் ஒரு செய்தி வந்தது. முக்கோணத்துக்குள் ஒற்றைக் கண். உலகத்தை ஒரு ரகசியச் சங்கம் நடத்துகிறதாம். பெட்ரோல் விலை, தேர்தல், மழை, சோப்புக் கட்டி வரவர இளைப்பது எல்லாம் அவர்கள் ஏற்பாடாம். டாக்டரும் நீதிபதியும் அதில் உண்டாம். ஒருவரையொருவர் கைகுலுக்கியே கண்டுகொள்வார்களாம். அதை உங்களில் பாதிப் பேர் எனக்கு அனுப்பினீர்கள். மீதிப் பாதிக்கு நான் அனுப்பினேன்.

ஆனால் நான் ஆடிப்போனது அதற்காக இல்லை. பெருவிரலால் முட்டியில் மூன்று அழுத்து என்று அதில் படம் போட்டுக் காட்டியிருந்தார்களே, அந்தக் கைகுலுக்கல், ஏறக்குறைய அப்படியே, பத்து வயசில் நான் இட்டுக்கட்டியது.

நான் விட்ட புளுகு உலகமெல்லாம் சுற்றிவிட்டு என் கைபேசிக்கே திரும்பி வந்துவிட்டதா, இல்லை அன்றைக்குப் புளுகியது தற்செயலாக உண்மையா? இது தெரிய வேண்டித்தான் டாக்டரின் முட்டியை அழுத்தினேன். அது தெரியவில்லை. சர்க்கரைதான் தெரிந்தது. படுக்கையில் கிடந்து யோசித்தபோது அந்தக் கோடை விடுமுறை முழுக்கத் திரும்பி வந்தது. கூடவே எங்கக்காவும்.

எங்கள் வீடு மல்லசமுத்திரம் பக்கம். பரீட்சை முடிந்த மறுநாளே என்னைச் சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் மாமன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என்னை அங்கே அனுப்புவது எனக்கு விடுமுறை இல்லை, அம்மாவுக்கு விடுமுறை. மலை ஏறுகிற சாலை தொடங்கும் இடத்தில் மாமன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்குள் எந்நேரமும் ரப்பர் சொல்யூஷன் வாசம். பஞ்சர் பார்க்கிற தகரத் தொட்டியில் டியூபை அமுக்கினால் குமிழி கிளம்பும். அந்தக் குமிழியைப் பார்த்துக்கொண்டே ஒரு முழுக் காலையை என்னால் கழிக்க முடியும். இப்போது எவ்வளவு தட்டிப் பார்த்தாலும் கைபேசியில் அந்தச் சுகம் வருவதில்லை.

மாமன் கடையிலிருந்து டவுன் பக்கமாகக் கொஞ்ச தூரம் போனால் ஒரு பழைய பங்களா. மஞ்சள் சுண்ணாம்பு அடித்தது. ஜன்னல்களெல்லாம் உயரத்தில், எப்போதும் சாத்தியே இருக்கும். வாசலுக்கு மேலே சிமெண்டில் ஒரு காம்பஸும், மூலைமட்டம் பார்க்கிற கருவியும் செய்து பதித்திருந்தார்கள். அந்தச் சங்கத்துக்கு ஏதோ இங்கிலீஷ் பேர் உண்டு. எங்கள் வாயில் அது நுழையவில்லை. காம்பஸ் பங்களா என்றால் எல்லோருக்கும் தெரியும். கணக்கில் நான் வாங்கியிருந்த மார்க்குக்கு, அந்த வாசலைத் தலை குனிந்துதான் கடப்பேன்.

மாமனுக்கு அந்தப் பங்களாவைப் பற்றித் தெரியாதது எதுவுமே இல்லை, உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தவிர.

"மாப்ள, அதுக்குள்ள போறவனெல்லாம் லேசுப்பட்ட ஆளில்ல," என்பார், ஸ்போக்கை முறுக்கிக்கொண்டே. "புதுசாச் சேர்றவனச் சவப்பொட்டிக்குள்ள படுக்க வெப்பாங்க. கண்ணைக் கட்டி, நெஞ்சுல கத்தி வெச்சு, சத்தியம் வாங்குவாங்க. வெளிய சொன்னா நாக்கு இருக்காது."

"யாராச்சும் வெளிய சொல்லியிருக்காங்களா மாமா?"

"அதான் சொன்னனே, சொன்னா நாக்கு இருக்காதுன்னு. அப்பறம் எப்படிச் சொல்லுவான்?"

இதைவிடக் கெட்டியான ஆதாரம் வேறென்ன வேண்டும்? பஸ் தாமதமானால் அவர்கள் வேலை. கரண்டு போனால் அவர்கள் வேலை. எட்டாவது தேறாத ஒருத்தனுக்கு உத்தியோகம் கிடைத்தால் சந்தேகமே இல்லை. அத்தை வைத்த குழம்பில் உப்புக் கூடிப்போன அன்று மட்டும் மாமன் அவர்களைச் சொல்லவில்லை. சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

அந்தச் சங்கத்தில் எங்களுக்கு நேரில் தெரிந்த ஆள் ஒருவர்தான். கோட்டுக்காரர். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கேரியரில் தட்டையாக ஒரு தோல் பெட்டியைக் கட்டி, சைக்கிளில் வருவார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பங்களாவுக்குப் போகும்போது மாமன் கடையில் காற்றடிப்பார். அந்தப் பெட்டிக்குள் இருப்பது மடக்குக் கத்தி என்று மாமன் சொல்லியிருந்தார். சக்கரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கோட்டுக்காரர், "காத்து போதும்," என்பார். அவ்வளவுதான். ஏறிப் போய்விடுவார்.

மாமனுக்கு அதற்கப்புறம் வேலை ஓடாது. "போதும்னு ஏன் சொன்னாரு? போன மாசம் 'ம்'னு மட்டும்தான சொன்னாரு?"

அப்படி ஒரு சனிக்கிழமை, என் புத்தி என்னைச் சும்மா விடவில்லை. கோட்டுக்காரரின் சைக்கிள் பங்களாவுக்குள் நுழைந்ததும் நான் பின்பக்கம் ஓடினேன். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு புளியமரம். வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. கிளையில் படுத்து எட்டினால் பின்ஜன்னலில் உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. கட்டெறும்பு காலெல்லாம் கடித்தது. நாக்குப் போகப்போகிறவனுக்கு எறும்பு ஒரு பொருட்டா?

உள்ளே எட்டுப் பத்துக் கிழவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு யோசித்தால் ஐம்பது வயசுக்காரர்கள்தான், அப்போது எனக்குக் கிழவர்கள். எல்லோரும் இடுப்பில் வெள்ளையாக ஒரு முன்துணி கட்டியிருந்தார்கள், சமையல்காரர் மாதிரி. கோட்டுக்காரர் தோல் பெட்டியைத் திறந்தார். உள்ளிருந்து அந்த முன்துணியை எடுத்தார். கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். பெட்டியில் தேடினார், கோட்டுப் பையில் தேடினார், நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினார். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. ஒருத்தர் புத்தகத்தைப் பார்த்து இங்கிலீஷில் எதையோ வாசித்தார். இன்னொருத்தர் உட்கார்ந்தபடியே தூங்கினார். அப்புறம் கேசரியும் வெங்காய பஜ்ஜியும் வந்தது. தூங்கினவர் சரியாக அந்த நேரத்துக்கு விழித்துக்கொண்டார். விழித்தவர் இரண்டு பஜ்ஜியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அவ்வளவேதான். உலகத்தை நடத்துகிறவர்களை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

எனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தைச் சொல்லி மாளாது. கடைக்குத் திரும்பினால், சட்டையில் புளியங்காய்ப் பொடியும் காலில் எறும்புத் தடிப்புமாக நின்ற என்னை மாமன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மாப்ள. பாத்துட்டயா?"

அந்த மனுசன் முகத்தைப் பார்த்துக் கேசரி, பஜ்ஜி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பதினைந்து வருஷமாக அவர் கட்டிக் காத்த நம்பிக்கை. "பாத்தனுங்க மாமா," என்றேன். "கை குடுத்துக்கறாங்க. ஒரு மாதிரியா."

"எப்படி?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ரகசியக் கை எங்கப்பாவுடையது. மாமன் கையைப் பிடித்து, பெருவிரலால் முட்டியில் மூன்று அழுத்து அழுத்தினேன். அப்புறம் நடுவில் இருக்கிற இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து விட்டேன். கடைசியாகச் சுண்டு விரலை ஒரு இழுப்பு. மாமனுக்கு மயிர்க்கூச்செறிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

எங்கப்பா மாட்டுத் தரகர். சந்தை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே விலையை வாயால் பேசமாட்டார்கள். விற்கிறவர் கையைத் தரகர் பிடிப்பார். மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்குள் விரல்கள் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. முகத்தில் ஒன்றும் இருக்காது. வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நூறு பேர் நிற்பார்கள், ஒருத்தருக்கும் விலை தெரியாது. சில சமயம் வாங்குகிறவருக்கே தெரியாது.

அப்பாவின் துண்டு குமாரபாளையத்தில் நெய்தது. பச்சைக் கரை. அதில் புண்ணாக்கும் திருநீறும் மாட்டு மூச்சும் கலந்த ஒரு வாசம். அதை அம்மா மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்கமாட்டாள். அந்தத் துண்டுக்குள்ளேயே வாழ்ந்ததாலோ என்னவோ, எங்கப்பாவுக்கு உலகத்தில் எல்லாமே துண்டுக்குள்தான் நடக்கிறது என்று திடமான எண்ணம். வெளியே சொல்கிற காரணம் வேறு, உள்ளே பிடிக்கிற விரல் வேறு. கல்யாணம், கோர்ட்டு, தேர்தல், எதுவாக இருந்தாலும், "அது மேலுக்குங்க, துண்டுக்குள்ள என்ன நடந்துச்சோ," என்பார்.

விடுமுறை முடிந்து நான் ஊருக்கு வந்தபோது, வீட்டில் வேறு ஒரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டாள். எங்கள் வகையறாவில் தேறிய முதல் பெண். சேலத்தில் வாத்தியார் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டு, நேரில் வரச் சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. அதே நேரத்தில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு இடம் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. அப்பா இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"சீட்டுக் கெடச்சாப் படிக்கட்டும். இல்லீன்னா ஆவணியில கல்யாணம்."

"கெடைக்குங்கப்பா," என்றாள் அக்கா.

"அதெப்படி அம்மிணி கெடைக்கும்? நமக்கு அங்க யாரத் தெரியும்?"

அந்தச் சமயம் பார்த்து நான் போய் நின்றேன். மாமன் முன்கூட்டியே கடிதம் போட்டு என் வீரத்தைத் தெரிவித்திருந்தார். அப்பா என்னை எதிரில் உட்கார வைத்து, தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் கைமேலும் போட்டார். "செஞ்சு காட்டு சாமி."

காட்டினேன். முட்டியில் மூன்று அழுத்து, நடுவில் இரண்டு விரல், சுண்டு விரலில் ஒரு இழுப்பு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆமாம், விரலால் கேட்டார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது.

"அட, இது நம்ம கையாட்டமில்ல இருக்குது."

இருக்காதா பின்னே?

அப்பாவுக்கு அன்றைக்கு ஏற்பட்ட நிம்மதியை நான் மறக்கமாட்டேன். படித்தவர்கள், கோட்டுப் போட்டவர்கள், இங்கிலீஷ் பேசுகிறவர்கள் என்று ஆயுசு முழுக்க யாரைப் பார்த்து ஒதுங்கி நின்றாரோ, அவர்களும் அடியில் மாட்டுத் தரகர்கள்தான் என்று தெரிந்துவிட்டது. "கடைசில பாத்தா எல்லாம் ஒரே சந்தைதான்," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டே, "அவங்க ஊட்டுலயும் சாணி வாரோணுமான்னு கேட்டுப் பாருங்க," என்றாள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். முழங்கை வரைக்கும் சாம்பல்.

"நெசமாலுமே பாத்தயாடா?"

"பாத்தேன்."

"எம்மேல சத்தியமா?"

நான் அவள் தலைமேல் கை வைத்தேன். எண்ணெய் தேய்த்துப் படிய வாரின, சூடான தலை. "சத்தியமா."

அவள் மறுபடி பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். "அப்ப நான் எதுக்குடா உக்காந்து படிச்சேன்?" என்றாள். என்னைக் கேட்டது மாதிரி இல்லை. பாத்திரத்தைக் கேட்டது மாதிரி இருந்தது.

நேர்முகத்துக்கு மூன்று பேர் போனோம். அக்கா போக வேண்டியவள். அப்பா கூட்டிப் போக வேண்டியவர். நான் கோட்டுக்காரரை அடையாளம் காட்ட வேண்டியவன்; சீட்டுக் கொடுக்கிற மூன்று பேரில் அவரும் ஒருத்தர் என்று மாமன் விசாரித்து எழுதியிருந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது. கொடுத்தது அப்பா. நான் கேட்காமலே கடலை மிட்டாயும் வாங்கிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் அவர் எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தது அந்த ஒரு நாள்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மிட்டாய் தீரும்வரை காத்திருந்தேன்.

"அப்பா."

"என்ன சாமி?"

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தனை எதிர்பார்ப்பு. சங்கத்தின் இன்னொரு ரகசியம் வரப்போகிறது என்று நினைத்துவிட்டார்.

"ஒண்ணுக்கு வருதுங்க."

டிரெயினிங் பள்ளியின் வராந்தாவில் இருபது முப்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி நெஞ்சோடும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். அறைக்குள் மூன்று நாற்காலி போட்டிருந்தது. கோட்டுக்காரர் வராந்தா வழியாக வந்தார். கோட்டு அதேதான், தோல் பெட்டி மட்டும் இல்லை. நான் கண்ணைக் காட்டினேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு நேராகப் போய், "வணக்கமுங்க," என்று கையை நீட்டினார். கோட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று கையைக் கொடுத்தார். கொடுத்த மாத்திரத்தில் அப்பாவின் துண்டு சொத்தென்று இரண்டு கைமேலும் விழுந்தது.

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. துண்டுக்குள் அசைவு தெரிந்தது. அப்பாவின் வாய், "ஒரு மழ பேஞ்சாத் தேவலைங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தது. அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவளுடைய செருப்பில்லாத கால்களைத்தான் பார்த்தேன். கட்டைவிரல் தரையை ஊன்றிக்கொண்டிருந்தது.

கோட்டுக்காரர் கையை உதறவில்லை. கடைசிச் சுண்டு விரல் வரைக்கும் பொறுமையாக நின்றார். அப்புறம் துண்டை எடுத்தார். நான்காக மடித்தார். அப்பாவின் தோளில் போட்டார்.

"எனக்குச் சொந்த ஊரு வாழப்பாடிய்யா," என்றார். "எங்கப்பாவும் சந்தைக்கு மாடு ஓட்டினவருதான். நீ புடிச்ச வெலைக்குக் கண்ணுக்குட்டிகூட வராது. இது மாடு வாங்கற எடமில்ல. பொண்ண உள்ள அனுப்பு, நீ போயி மரத்தடியில நில்லு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் கேவலமாக இருந்தது. அக்கா எங்களைத் தாண்டி உள்ளே போனாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கேள்வி கேட்கிற ஆளிடம் அவளுடைய அப்பா மாட்டு விலை பேசிய பிறகு, அந்த ஆள் எதிரில் போய் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது அவளுக்கு. பதினாறு வயசு. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. சிரித்த பெண்களில் ஒருத்தி வைத்திருந்த நாவல்பழத்தின்மேல் இருந்தது என் கண்.

மரத்தடியில் அப்பா தோள் துண்டைத் தடவிக்கொண்டு நின்றார். நான் அழுதுவிடத் தயாராக இருந்தேன். அப்போது அவர் மெதுவாக என் பக்கம் குனிந்தார்.

"கவனிச்சயா சாமி? கைய உதறுல."

"ஆமாங்க."

"வெல பத்தாதுன்னு வாயில சொன்னாரு. ஆனாத் துண்ட அவரே மடிச்சு எந்தோள்ல போட்டாரு பாத்தயா? சந்தையில அதுக்கு என்ன அர்த்தம்?"

எனக்கு அர்த்தம் தெரியும். யாவாரம் முடிந்தது என்று அர்த்தம்.

பதினெட்டு நாள் காத்திருந்தோம். பெண் பார்த்துப் போனவர்கள் இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அக்கா தபால்காரர் வருகிற நேரத்துக்குத் தண்ணீர் எடுக்கிற சாக்கில் ரோட்டுக்கே போய் நிற்பாள். குடம் நிறையும், ரோடு காலியாக இருக்கும், திரும்பி வருவாள். பதினெட்டாம் நாள் குடத்தை ரோட்டிலேயே வைத்துவிட்டு ஓடி வந்தாள். சீட்டுக் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை இன்று நினைத்தால் காது சூடாகிறது. அப்பா சந்தை சந்தையாகப் போய்ச் சொன்னார். மகள் தேறினாள் என்று சொல்லவில்லை. கை வேலை செய்தது என்று சொன்னார். ஒரே மாதத்தில் எங்கள் வாசலில் ஆட்கள். லாரி வைத்திருக்கிறவர், கிணறு வெட்டுகிறவர், மகனுக்குக் கண்டக்டர் வேலை தேடுகிறவர். "ஏனுங்க, பையன் இருக்கானுங்களா? அந்தக் கைய ஒருக்காக் காட்டச் சொல்லுங்." நான் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தேன். பெருவிரலில் அழுத்தம் போதவில்லை என்றால் திட்டவும் செய்தேன். அடுத்த வருஷம் எங்கள் பக்கத்தில் மின்சார ஆபீசிலிருந்து மாட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஒருத்தர் கையும் தப்பவில்லை. ஒரு கால்நடை டாக்டர் எல்லோருக்கும் தூரத்திலிருந்தே கும்பிடு போட ஆரம்பித்தார்.

சிலருக்குக் காரியம் நடந்தது. நடந்தவர்கள் கையால் நடந்தது என்றார்கள். நடக்காதவர்கள், சுண்டு விரலைச் சரியாக இழுக்கவில்லை என்று தங்களையே நொந்துகொண்டார்கள். ஆக மொத்தம் சங்கத்துக்குத் தோல்வியே இல்லை. சங்கம் என்றால் கேசரி சாப்பிட்ட அந்தப் பத்துப் பேர். பாவம், அவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அக்கா டீச்சரானாள். ராசிபுரம் பக்கம் முப்பத்தி நான்கு வருஷம் வேலை பார்த்து, ஹெட்மாஸ்டராக ஓய்வு பெற்றாள். அவளிடம் படித்தவர்களில் இஞ்சினியர் இருக்கிறார்கள், போர்க் கிணறு போடுகிற ரிக் வண்டி முதலாளி இருக்கிறார்கள். அவளுடைய கல்யாணத்தில், அவள் பதவி உயர்ந்தபோது, ஓய்வு பெற்ற விழாவில்கூட, எங்கள் சொந்தத்தில் யாராவது ஒருத்தர் எழுந்து அதையே சொல்வார்கள். "எல்லாம் அந்தக் கோட்டுக்காரரு குடுத்த சீட்டு." எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று மேடையில் அதைச் சொன்னது யார் என்றா கேட்கிறீர்கள்? நான்தான். நன்றாகக் கைதட்டு விழுந்தது.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. கடைசிவரைக்கும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட நாடி பார்க்க வந்த டாக்டரின் கையைப் பிடித்து மூன்று அழுத்து அழுத்தினார். அந்த டாக்டரும் எதையோ புரிந்துகொண்டவர் மாதிரித் தலையாட்டிவிட்டுப் போனார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் அவ்வளவு நிம்மதியாகப் போனதில் என் புளுகுக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்வேன். எனக்கு வேண்டிய ஆறுதலையெல்லாம் நானே தயாரித்துக்கொள்வது பழைய வழக்கம்.

ஆனால் உங்களில் யாரோ அனுப்பிய அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, டாக்டர் முட்டியை அழுத்திச் சர்க்கரை வாங்கி வந்த பிறகு, சும்மா இருக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம் பஸ் ஏறினேன்.

அக்காவுக்கு எழுபத்து மூன்று ஆகிறது. முற்றத்தில் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து கொஞ்சம் உருவினேன். காம்பையும் சேர்த்துப் போட்டதற்குத் திட்டு வாங்கினேன். அப்புறம் சொன்னேன். புளியமரம், கேசரி, பஜ்ஜி, நெற்றியில் இருந்த கண்ணாடி, மாமன் முகம், எல்லாம். அப்படி ஒரு கையே அங்கே இல்லை, நான் சந்தையில் பார்த்ததைச் சேர்த்துக் கட்டியது என்றும் சொன்னேன். உன் தலைமேல் அடித்த சத்தியமும் பொய்தான் என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. இலை முறத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

"கோட்டுக்காரரு சீட்டு, கோட்டுக்காரரு சீட்டுன்னு ஊரே சொல்றதுக்கு நான்தானக்கா காரணம்," என்றேன். "நீயாப் படிச்சு வாங்குன சீட்ட இத்தன வருசமா இன்னொருத்தர் பேர்ல எழுதி வெச்சுட்டேன். எம்மேல கோவமிருந்தாச் சொல்லிரு."

அக்கா ஒரு காம்பை எடுத்து ஓரமாகப் போட்டாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எம்மார்க்கு எத்தனைன்னு நீயாச்சும் ஒருநாளு கேட்டயா சாமி?"